குடகனாற்றுக்காக வெட்டிய வரி

நான் எழுதியதை யாரும் படித்ததில்லை. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை, தொழில் அப்படி. பன்னிரண்டு வருடம் மோட்டார் பம்புப் பெட்டிக்குள் போடும் துண்டுத்தாள் எழுதிக்கொண்டிருந்தேன். "மோட்டாரை ஓட்டும் முன் கிணற்றில் தண்ணீர் உள்ளதா என்று பார்க்கவும்" என்பது என் வாசகம். திண்டுக்கல் வட்டாரத்து விவசாயிகள் அதைக் கிண்டலாக எடுத்துக்கொண்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். பெட்டியைப் பிரித்ததும் தாளைக் கசக்கி, மோட்டாரில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார்கள். நன்றாகத் துடைக்கிறது என்று ஒரு மெக்கானிக் என்னிடமே பாராட்டினார். காகிதம் நல்ல காகிதம்.

அதனால் இப்போது இருக்கும் கம்பெனியில் சேர்ந்த அன்று, "நீங்க எழுதறதப் படிக்கப் போறது மனுசன் இல்லீங்க சார்" என்று சொன்னபோது எனக்கு அதிர்ச்சி ஒன்றும் ஏற்படவில்லை. பழைய நிலைமைதானே என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னவர் எங்கள் பொறியாளர். ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண். பாத்திரக் கடை ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ். அவரும் நானும் மட்டும்தான் அங்கே. முதலாளி கோயம்புத்தூரில் போனுக்குள் இருந்தார்.

எங்கள் சரக்கு இதுதான். மில் மாதிரி இடங்களில் ஆபீஸ் வேலைக்கு ஒத்தாசையாக ஒரு ஏஜெண்ட். ஆள் அல்ல, மென்பொருள். "இன்னைக்கு லீவு சொன்னவங்க யாரார்?" என்று கேட்டால், தொழிலாளர்களின் அரட்டைக் குழுவில் வந்த செய்திகளைப் பார்த்து அது பதில் சொல்ல வேண்டும். ஆனால் தானாகக் குழுவுக்குள் போக அதற்குத் தெரியாது. போய்ச் செய்திகளை எடுத்து வர ஒரு கருவி வேண்டும். கருவியைப் பொறியாளர் செய்திருந்தார். அந்தக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, எந்தக் குழு, எந்த நாள், எத்தனை செய்தி என்பதையெல்லாம் அதனிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று ஏஜெண்டுக்குப் புரியும்படி ஒரு பக்கம் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆங்கிலத்தில்தான் எழுதினேன், இங்கே தமிழில் சொல்கிறேன்.

"ஒரு பக்கத்துக்கு மேல போயிறக் கூடாதுங்க" என்றார் பொறியாளர். "கருவியத் தொடறதுக்கு முந்தி ஒவ்வொரு தடவையும் அது உங்க பக்கத்த முழுசாப் படிக்குமுங்க."

"முழுசாவா?"

"ஒரு எழுத்து விடாதுங்க. நீங்க என்ன எழுதிருக்கறீங்களோ அத அப்படியே நம்பும்."

அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். நான் எழுதுவதை ஒரு நாளைக்கு நாற்பது தடவை, எழுத்து விடாமல் படித்து, அப்படியே நம்பப் போகும் ஒரு வாசகர் கிடைத்துவிட்டார் என்று. "பாவம்" என்றாள். யாரை என்று நான் கேட்கவில்லை.

பொறியாளர் எனக்கு ஒன்பது குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். ஏழாவது குறிப்பு இது: "ஒரு செய்திக்குக் கீழே பதிலாகப் போடப்படும் செய்திகள் பொதுப் பட்டியலில் வராது. மேலே உள்ள செய்தியின் எண்ணைக் கொடுத்து அவற்றைத் தனியாகக் கேட்க வேண்டும்."

நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். பன்னிரண்டு வருடம் கிணற்றைப் பார், சுவிட்சைப் போடு என்று எழுதிய கை. இந்த வாசகருக்காவது கொஞ்சம் அழகாக எழுதுவோமே என்று இருந்தது. "குழுவில் வரும் பேச்சு குடகனாற்று வெள்ளம் போன்றது. வருகிற வேகத்தில் ஒன்றின் மேல் ஒன்று புரண்டு போய்விடும். இந்தக் கருவி அதில் இறங்கி எல்லாச் செய்திகளையும் எடுத்துத் தரும்."

பொறியாளர் படித்துப் பார்த்தார். "ஏனுங்க சார், அந்த ஆத்துல தண்ணி வந்து எத்தன நாளாச்சுங்க?"

"இது உவமை."

"அதுக்கு உவமை வேணுமுங்களா?"

"அதுவும் ஒரு வாசகர்தானே."

அவர் பையை எடுத்துக்கொண்டார். அவருக்கு மறுநாள் ஆயக்குடியில் மாமா தோட்டத்தில் கொய்யா பறிப்பு. இரண்டு நாள் லீவு. "நீங்க முடிச்சுப் போட்டுருங்க சார்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

முடித்தபோது பக்கம் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. எதையாவது வெட்ட வேண்டும். குடகனாறு சரியாக இரண்டு வரி. ஏழாவது குறிப்பும் சரியாக இரண்டு வரி. நான் நியாயமாக யோசித்துப் பார்த்தேன். என் குடும்பக் குழுவைத் திறந்து பார்த்தேன். காலை வணக்கம், ரோஜாப்பூ, சித்தப்பா அனுப்பிய மூட்டு வலி மருந்து. ஒருவருக்கும் கீழே ஒருவரும் பதில் போட்டிருக்கவில்லை. செய்திக்குக் கீழே பதில் போடுகிற அளவுக்கு ஒழுங்கான மனிதர்கள் இந்த ஜில்லாவில் இல்லை என்று முடிவு செய்து ஏழாவது குறிப்பை வெட்டினேன். குடகனாறு ஓடியது.

பொறியாளர் திரும்பி வந்து ஒரு பை கொய்யா கொடுத்தார். பக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கொய்யா நன்றாக இருந்தது. கருவி ஏதோ ஒரு நூல் மில்லுக்குப் போயிற்று. எந்த மில் என்று நான் விசாரிக்கவில்லை. வேடசந்தூர் ரோட்டில் மில்லுக்கா பஞ்சம்?

சில வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலை அக்கா வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். பதினோரு வருடமாக நூல் மில்லில் வேலை. பகல், அரை நைட், முழு நைட் என்று வாரத்துக்கு வாரம் மாறுகிற ஷிப்ட். எப்போது தூக்கம் வரும் என்று அவளுக்கே தெரியாது. கல்யாண வீட்டில் தவில்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, முகூர்த்தம் முடியும் வரை நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். இந்த வருடம்தான் ஜெனரல் ஷிப்டுக்கு மாற்றும் பட்டியலில் அவள் பெயர் வந்திருந்தது. காலையில் போய்விட்டு, பொழுது சாய வீட்டுக்கு வந்துவிடலாம், ராத்திரியில் தூங்கலாம். மில்லின் நிபந்தனை ஒன்றே ஒன்று: கடைசி ஆறு மாதத்தில் சொல்லாமல் லீவு போட்டிருக்கக் கூடாது. ஆறு மாதம் முடிய நாலே நாள் பாக்கி.

நான் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"என்னக்கா, இம்புட்டு வெள்ளன?"

"ஆபீஸ்ல ஒரு கம்ப்யூட்டரு வச்சிருக்காய்ங்கடா. அது நான் லீவு சொல்லவே இல்லைங்குது."

"எது?"

"அதான், என்னமோ ஏஜெண்டாம். குரூப்புக்குள்ள போயித் தேடிப் பாத்துச்சாம். என் பேருல ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட்டு குடுத்துருச்சு. சொல்லாம லீவாம்! நானு! பதினோரு வருசத்துல தும்முனாக்கூடச் சொல்லிட்டுத் தும்முனவ!"

கையில் எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். சட்னிக் கரண்டியோடு நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எதற்கு எழுதுகிறேன் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அக்காவிடம் "ஏஜெண்டுக்கு எழுதுறேன்" என்று ஒரு தடவை சொன்னபோது இன்சூரன்ஸ் என்று நினைத்துக்கொண்டாள். கௌரவமாக இருந்ததால் நான் திருத்தவில்லை.

"மதினி, இட்லி வைக்கவா?" என்றாள் மனைவி.

"வேணாந்தா. வயிறெரியுது."

நடந்தது இது. அக்கா வளர்த்த கிடா, பக்கத்துத் தோட்டத்தில் மல்லிகைச் செடியை வரிசையாக மேய்ந்துவிட்டது. பூக்காரர் இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தடவை சொல்லாமல் கையில் அரிவாளோடு வந்தார். அய்யலூர்ச் சந்தை வாரத்துக்கு ஒரு நாள்தான். அன்றைக்கு விட்டால் அடுத்த வாரம் கிடாவும் இருக்காது, பூக்காரரின் உறவும் இருக்காது. அதனால் ஒரு நாள் லீவு. முந்தின நாள் சாயங்காலமே குழுவில் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள்.

"போனக் காட்டு" என்றேன்.

காட்டினாள். மில் குழுவைத் திறந்ததும் எங்கள் குடும்பக் குழு மாதிரியேதான்: ரோஜாப்பூ, தேநீர்க் கோப்பை, சூரியோதயம். அக்காவின் செய்தி எங்கும் இல்லை.

"எங்கக்கா?"

"அங்க இல்லடா கூமுட்ட. மேல போ. ஒண்ணாந் தேதிக்குப் போ."

மேலே போனேன். மாதம் பிறந்த அன்று சூப்பர்வைசர் ஒரே ஒரு செய்தி போட்டிருந்தார்: "இந்த மாசம் லீவு சொல்றவங்க எல்லாரும் இதுக்குக் கீழ மட்டும் சொல்லவும். வெளிய சொன்னா பூவுக்குள்ள காணாமப் போகுது." அதற்குக் கீழே, வரிசையாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி பதினான்கு பேர் லீவு சொல்லியிருந்தார்கள். கடைசியில் அக்கா: "நாளைக்கு வரல. கிடா விக்க அய்யலூர் போறேன்."

மூன்று வருடமாக அந்த மில்லில் இதுதான் வழக்கமாம். ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதிச் செய்தி. லீவெல்லாம் அதன் கீழே. நான் இந்த ஜில்லாவிலேயே இல்லை என்று முடிவு கட்டிய ஒழுங்கான மனிதர்கள் இருநூறு பேரும் ஒரே மில்லில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் சொந்த அக்கா உட்பட.

"இதயே மேனேஜர்கிட்டக் காட்ட வேண்டியதுதானக்கா?"

"காட்டாம இருப்பனா? கம்ப்யூட்டர் இல்லைங்குது, உங்க போன் இருக்குங்குது, நான் எத நம்புறதுங்குறாரு. எழுதிக் குடுங்க விசாரிக்கிறோம்னாரு. விசாரிச்சு முடிக்க ஒரு மாசமாகுமாம். செவ்வாக்கெழம சாயங்காலம் பட்டியல ஒட்டிருவாய்ங்கடா."

அக்கா பையிலிருந்து முழுநீள வெள்ளைத்தாள் எடுத்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீதான் எழுத்து வேலை பாக்குறவனாச்சே. நறுக்குன்னு எழுது. கையால எழுது, அதுலதான் மதிப்பு."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். அக்கா முந்திக்கொண்டாள்: "எந்தக் கூறுகெட்டவன் அதுக்குச் சொல்லிக் குடுத்தானோ, அவன் மட்டும் என் கையில கெடைக்கட்டும்."

வாயைத் திறந்ததற்கு ஒரு காரணம் வேண்டுமே என்று இட்லியைப் போட்டுக்கொண்டேன்.

மனு எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. "மேற்படி கருவிக்குச் சொல்லிக் கொடுத்த நபர்" என்ற இடத்தில் அக்கா "கூறுகெட்டவன்" என்று போடச் சொன்னாள். அலுவலக மனுவில் அப்படிப் போடக் கூடாது என்றேன். "அப்ப அறிவில்லாதவன்னு போடு." அதுவும் கூடாது. பேசிப் பேசி, "சற்றும் பொறுப்பற்ற நபர்" என்பதில் வந்து நின்றோம். "சற்றும்" வேண்டாமே என்று பார்த்தேன். அக்கா விடவில்லை. என்னைப் பற்றிய வசையை நானே திருத்தி, சந்திப் பிழை பார்த்து, நல்ல கையெழுத்தில் படி எடுத்துக் கொடுத்தேன். அக்கா கையெழுத்துப் போட்டாள். "நல்லா உறைக்கிற மாதிரி எழுதியிருக்கடா" என்றாள். என் எழுத்துக்குக் குடும்பத்தில் கிடைத்த முதல் பாராட்டு.

திங்கட்கிழமை ஆபீசில் பொறியாளரிடம் சொன்னேன். அவர் தன் பழைய குறிப்பை எடுத்துப் பார்த்தார். அப்புறம் என் பக்கத்தை எடுத்துப் பார்த்தார்.

"ஏழாவது எங்கீங்க?"

"இடம் பத்தல."

"ஆறு மட்டும் ஓடுதுங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. குடகனாற்றை அழித்தார், ஏழாவதைப் போட்டார், "எல்லாச் செய்திகளையும்" என்பதில் "எல்லா"வை எடுத்தார். ஏஜெண்டிடம் அதே கேள்வியை மறுபடி கேட்டார். அது பக்கத்தைப் படித்தது. ஒன்றாம் தேதிச் செய்தியைக் கண்டுபிடித்தது. அதன் எண்ணைக் கொடுத்துக் கீழே இருப்பதைக் கேட்டது. பதினான்கு பேரையும் வரிசையாகச் சொன்னது. அக்கா, அய்யலூர், கிடா எல்லாம் வந்தது. மொத்தம் அரை நிமிடம். கருவியிலும் குற்றம் இல்லை, ஏஜெண்டிலும் இல்லை. எழுதிக் கொடுத்ததை நம்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

"இனிமே சரியாச் சொல்லும் சார். ஆனா போன ரிப்போர்ட்டு போனதுதானுங்க. அது தப்புன்னு மில்லுல யாராச்சும் போயிச் சொல்லோணும்."

"யாரு?"

பொறியாளர் ஆபீசைச் சுற்றிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு நாற்காலிதான் இருந்தது.

கம்பெனி சார்பில் ஒரு கடிதம் தயார் செய்தேன். பிரிண்டரில் மஞ்சள் மை தீர்ந்திருந்தது. அதனால் கறுப்பிலும் அடிக்க மாட்டேன் என்றது. கையாலேயே எழுதினேன். "எங்கள் ஆவணத்தின் ஏழாவது குறிப்பில் நேர்ந்த ஒரு சிறு விடுபடல் காரணமாக" என்று தொடங்கியது கடிதம். கீழே என் கையெழுத்து.

செவ்வாய்க்கிழமை அக்காவுக்கு மதியம் தொடங்கும் அரை நைட். ஒரு மணி மில் பஸ்ஸில் நானும் ஏறினேன். டிரைவர், "யாருக்கா இது, புது ஆளா?" என்றார். "என் தம்பி. எழுத்து வேலை. எனக்காக நாயம் கேக்க வாரான்" என்றாள் அக்கா. பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. முன் சீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து இடம் கொடுத்தாள். பதினான்கு பேரில் அவளும் ஒருத்தியாம், அவளுக்கும் "சொல்லாம லீவு." வழியெல்லாம் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன். முதலில் பஸ் ஊரைத் தாண்டட்டும் என்று நினைத்தேன். அப்புறம் ரயில்வே கேட் தாண்டட்டும் என்று நினைத்தேன். பஸ் மில்லுக்குள் போய் நின்றது.

மேனேஜர் கண்ணாடி போட்டுக்கொண்டு அக்காவின் மனுவை முதலில் வாசித்தார். நிதானமாக, வரி விடாமல். ஏஜெண்டுக்கு அடுத்து எனக்கு இன்னொரு முழு வாசகர். அப்புறம் என் கடிதத்தை எடுத்தார். அதையும் வாசித்தார். அப்புறம் இரண்டையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஏன் சார், ரெண்டுலயும் 'ழ'வுக்கு வாலு ஒரே மாதிரி சுருண்டிருக்கே?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"புகார் எழுதுனதும் நீங்க. தப்புப் பண்ணுனதும் நீங்களா?"

"ஆமா சார்."

"இதுல 'சற்றும் பொறுப்பற்ற நபர்'னு போட்டிருக்கு. இதுல 'சிறு விடுபடல்'னு போட்டிருக்கு. எதை எடுத்துக்கிறது?"

"மொதல்லது" என்றாள் அக்கா.

அவள் குரலில் சத்தம் இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்க்கவில்லை, மேஜை மேல் இருந்த இரண்டு தாளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை ஒரு மணி நேரம் எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேனே, அதை நினைத்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். அவள் கத்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

மேனேஜர் தன் கம்ப்யூட்டரில் அதே கேள்வியைத் தட்டினார். பதில் வந்தது. பதினான்கு பேரும் முறையாகத் தகவல் சொல்லியிருக்கிறார்கள். முந்தைய அறிக்கையில் நேர்ந்த பிழைக்கு வருந்துகிறேன் என்று அது சொன்னது. என்னை முந்திக்கொண்டு அது மன்னிப்புக் கேட்டுவிட்டது. அதுவும் தன் மேல் இல்லாத தப்புக்கு.

மேனேஜர் பட்டியலை எடுத்தார். சிவப்பு மையில் அடித்திருந்த அக்காவின் பெயரை மறுபடி எழுதினார். மற்றவர்களின் கணக்கிலும் "சொல்லாமல்" என்பதை அடித்தார். "சாயங்காலம் ஒட்டிருவோம்மா. நீங்க ஷிப்டுக்குப் போங்க" என்றார். என்னிடம், "நீங்க அந்தப் பக்கத்த இனி யார்கிட்டயாவது காட்டிட்டு அனுப்புங்க" என்றார்.

வெளியே வந்ததும் அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன்.

"அந்த ஏழாவது வரிய எதுக்குடா எடுத்த?"

"குடகனாறு பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன்க்கா. அதுக்கு இடம் வேணும்னு..."

அக்கா வாசல் பக்கம் திரும்பினாள். "அந்த ஆத்துல ஏதுடா தண்ணி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திரும்பும்போது டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே அவளுக்குச் செய்தி அனுப்பினேன்: "அக்கா, தப்பு என் மேலதான். மன்னிச்சிரு." பதில் வரவில்லை. செல்போனை மில்லுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் திண்டுக்கல் வரும் வரை எட்டு தடவை பார்த்தேன்.

மறுநாள் காலை வந்தது. என் செய்திக்குக் கீழே, பதிலாக: "பட்டியல் ஒட்டிட்டாங்க. ஒண்ணாந் தேதிலருந்து ஜெனரல்."

அக்கா இப்போது ராத்திரியில் தூங்குகிறாள். போன மாதம் ஒரு கல்யாணத்தில் தவில்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகூர்த்தம் முழுக்க விழித்திருந்தாள். சத்தம் இவ்வளவு என்று இத்தனை வருடம் தெரியவில்லை என்றாள். சாயங்காலம் நேரம் கிடைப்பதால் எனக்கு நிறையச் செய்தி அனுப்புகிறாள். மில்லில் பழகிய ஒழுங்கு விடவில்லை. எல்லாவற்றையும் ஒரே செய்திக்குக் கீழேதான் போடுகிறாள். கேஸ் சிலிண்டருக்குச் சொல்லிட்டியா என்பதும், ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கிறோம் வா என்பதும், நான் எழுதும் பக்கங்களை அவளிடம் வாசித்துக் காட்டும்போது அவள் சொல்கிற குற்றங்களும் அங்கேதான். ஒவ்வொன்றையும் படிக்க நான் திறக்கும்போது முதலில் மேலே என் வரிதான் தெரிகிறது: "அக்கா, தப்பு என் மேலதான்." இன்று காலை வரை அதன் கீழே நாற்பத்தொன்று.